22 வயதில் 500 ரூபாய் போதும்: பிபிஎஃப் கணக்கு, ஒரு விமர்சனம்

முதல் சம்பளம் வந்த மாதமே ஒரு பிபிஎஃப் கணக்கைத் திற. 500 ரூபாய் போடு. அடுத்த சில வருஷங்களுக்கு, வருஷம் 500-க்கு மேல் அதில் போட்டே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

பிபிஎஃப் எனும் பொது வருங்கால வைப்பு நிதியைப் பற்றி 22 வயதுக்காரருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நாற்பதைத் தொட்டவர்கள் பலரும் தங்கள் இருபதுகளுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வர நினைக்கும் விஷயம் இது. அதனால் இந்த விமர்சனத்தை அந்த 22 வயதைப் பார்த்தே, 'நீ' என்றே எழுதுகிறேன்.

அடிப்படை விவரத்தை முதலில் முடித்துவிடலாம். 1968-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். இப்போது நடப்பில் இருப்பவை 2019 டிசம்பரில் வந்த விதிகள். போஸ்ட் ஆபீஸிலும் பெரிய வங்கிகளிலும் திறக்கலாம். எங்கே திறந்தாலும் வட்டி ஒன்றுதான். நிதியாண்டுக்கு (ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை) குறைந்தது 500, அதிகபட்சம் 1,50,000 ரூபாய். 50-ன் மடங்குகளில் எத்தனை தவணையாகவும் கட்டலாம். வட்டி 7.1 சதவீதம். வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வருமான வரி கிடையாது. ஒருவர் பெயரில் ஒரே கணக்குதான். ஜாயின்ட் கணக்கு இல்லை. கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டாலும் இந்தப் பணத்தைக் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது.

இதெல்லாம் எந்த வங்கியின் இணையதளத்திலும் கிடைக்கும். அங்கே பெரிதாகப் போடாத ஒன்று உண்டு: இந்தக் கணக்கில் முதலில் ஓடத் தொடங்குவது காலம். நீ போடும் ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனியாக 15 வருஷம் கிடையாது. கணக்குக்குத்தான் 15 வருஷம். முதல் நாள் போட்ட 500-க்கும், பதினைந்தாவது வருஷம் போட்ட ஒன்றரை லட்சத்துக்கும் முதிர்வு நாள் ஒன்றே.

இதைக் கணக்காகவே பார்த்துவிடு. 22 வயதில், 2026 மார்ச் 25 அன்று கணக்கைத் திறந்து 500 ரூபாய் போடுகிறாய். விதிப்படி, கணக்கு திறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து 15 வருஷம் எண்ண வேண்டும். அந்த நிதியாண்டு 2026 மார்ச் 31-ல் முடிகிறது. ஆக முதிர்வு 2041 ஏப்ரல் 1. அப்போது உனக்கு 37 வயது. திறந்த வருஷத்தையும் சேர்த்து 2031-32 வரை ஏழு நிதியாண்டுக்குத் தலா 500 போட்டிருந்தால் மொத்தம் 3,500 ரூபாய். உன்னோடு வேலைக்குச் சேர்ந்த நண்பன், சம்பளம் உயர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 28 வயதில், 2032 ஏப்ரலில் திறக்கிறான் என்று வை. அவன் கணக்கு முதிர்வது 2048 ஏப்ரல் 1, 44 வயதில்.

2032-லிருந்து இருவரும் ஒரே தொகையைப் போட்டு வந்தாலும், உன் பணம் ஏழு வருஷம் முன்னதாகக் கைக்கு வருகிறது. அந்த ஏழு வருஷத்துக்கு நீ கொடுத்தது 3,500 ரூபாய். அதுவும் செலவாகிப் போகவில்லை, வட்டியோடு உன் கணக்கிலேயே இருக்கிறது. வேறு எந்தச் சேமிப்புத் திட்டத்திலும் இவ்வளவு சின்னத் தொகைக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மார்ச்சா ஏப்ரலா என்பதையும் கவனி. மார்ச் 25-க்குப் பதில் அடுத்த வாரம் ஏப்ரல் 2 அன்று திறந்தால், 2026-27 முடிந்த பிறகுதான் 15 வருஷம் எண்ணப்படும். முதிர்வு 2042-க்குத் தள்ளிப்போகும். எட்டு நாள் தாமதத்துக்கு ஒரு முழு வருஷம். அதனால் வேலை கிடைத்தது ஜனவரியிலோ பிப்ரவரியிலோ என்றால் மார்ச்சுக்குள் திறந்துவிடு. ஏப்ரலில் அதே கணக்கில் புது வருஷத்துக்கான 500-ஐப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று: பதினைந்து வருஷம் பூட்டி வைக்க வேண்டுமே என்ற பயம் முதல் சில வருஷங்களுக்குத்தான் பொருந்தும். 2040 ஏப்ரலில் நீ போடும் ஒன்றரை லட்சம் சரியாக ஒரு வருஷத்தில் வரியில்லா வட்டியோடு வெளியே வந்துவிடும். கணக்கு முதுமை அடைய அடையப் பூட்டு தளர்ந்துகொண்டே வருகிறது. பணம் அதிகம் இல்லாத வயதில் காலத்தை ஓடவிட்டு, பணம் வரும் வயதில் தொகையை ஏற்று என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

திறக்கும் முன் வீட்டில் கேட்க வேண்டியது

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவோ அம்மாவோ உன் பெயரில் பிபிஎஃப் திறந்தார்களா என்று கேள். பீரோவில் பத்திரங்களோடு பழைய போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக் ஒன்று கிடக்கலாம். மைனர் பெயரில் கார்டியனாக இருந்து திறந்த கணக்கு உன்னுடைய கணக்குதான். 18 வயதானதும் மேஜர் கணக்காக மாற்றி, உன் கையெழுத்தையும் ஆதார், பான் விவரத்தையும் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கு இருந்தால் உனக்கு யோகம்: காலம் ஏற்கெனவே பாதிக்கு மேல் ஓடியிருக்கும்.

அது இருப்பது தெரியாமல் இன்னொன்று திறந்தால்தான் சிக்கல். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதலின்படி, இரண்டு கணக்கில் ஒன்றை முதன்மைக் கணக்காக வைத்துக்கொண்டு மற்றதை அதோடு சேர்ப்பார்கள். ஆண்டு உச்சவரம்பைத் தாண்டிய தொகை வட்டியில்லாமல் திரும்ப வரும். மூன்றாவது கணக்கு என்று ஒன்று இருந்தால் திறந்த நாளிலிருந்தே அதற்கு வட்டி பூஜ்யம். போஸ்ட் ஆபீஸில் ஒன்று, வங்கியில் ஒன்று வைத்துக்கொண்டாலும் இரண்டு கணக்குதான்.

ஐந்தாம் தேதி

ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 6-ம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி இல்லை. வட்டியை மாதாமாதம் கணக்கிட்டாலும் வருஷக் கடைசியில் மார்ச் 31 அன்று மொத்தமாக வரவு வைப்பார்கள்.

இதை உன் பாஸ்புக்கை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். மாதம் 2,000 ரூபாயை 5-ம் தேதிக்குள் போடுகிறாய். ஏப்ரலில் குறைந்த இருப்பு 2,000, மே மாதம் 4,000, அப்படியே ஏறி மார்ச்சில் 24,000. பன்னிரண்டு மாத இருப்பையும் கூட்டினால் 1,56,000. அதை 7.1-ஆல் பெருக்கி 1,200-ஆல் வகுத்தால் 923 ரூபாய். அதே 2,000-ஐ ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி போட்டிருந்தால் ஏப்ரல் இருப்பு பூஜ்யம், மே 2,000, மார்ச் 22,000. கூட்டுத்தொகை 1,32,000, வட்டி 781. போட்ட பணம் இரண்டிலும் 24,000தான். மார்ச் 31 தேதியிட்ட வட்டிப் பதிவில் இந்த 142 ரூபாய் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். கணக்கில் பழைய இருப்பு இருந்தால் அதையும் ஒவ்வொரு மாதத்தோடும் சேர்த்துக் கூட்டிக்கொள். நடுவில் வட்டி விகிதம் மாறாத வருஷத்துக்கு இந்தக் கணக்கு ரூபாய் மாறாமல் ஒத்துப்போக வேண்டும்; போகவில்லை என்றால் கவுண்டரில் கேட்க உனக்கு உரிமை உண்டு.

தொகை பெரிதாகும்போது இது சில்லறை விஷயமாக இருக்காது. வருஷம் ஒன்றரை லட்சம் போடுகிறவர் 15 வருஷமும் ஏப்ரல் 5-க்குள் முழுத் தொகையைப் போட்டால், 7.1 சதவீதம் அப்படியே நின்றால், முடிவில் சுமார் 40.68 லட்சம். மாதம் 12,500-ஆக 5-ம் தேதிக்குள் போட்டால் சுமார் 39.45 லட்சம். வரிக் கணக்கு காட்டும் அவசரத்தில் ஒவ்வொரு வருஷமும் மார்ச் கடைசியில் போட்டால் சுமார் 37.98 லட்சம். மூவரும் போட்டது அதே 22.5 லட்சம்தான். தேதி மட்டுமே 2.7 லட்சத்தைத் தீர்மானிக்கிறது.

ஆட்டோமேட்டிக்காகப் பணம் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் வைப்பவர்கள் பலர் 5-ம் தேதியையே தேர்ந்தெடுக்கிறார்கள். அது தவறு. 5-ம் தேதி விடுமுறையாக இருந்தால் பணம் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகலாம். 2026 ஏப்ரலையே எடுத்துக்கொள்: 1-ம் தேதி வங்கிகளில் ஆண்டுக் கணக்கு முடிப்பு, 3-ம் தேதி புனித வெள்ளி, 5-ம் தேதி ஞாயிறு. மிச்சம் இருப்பது 2-ம் தேதியும் சனிக்கிழமையான 4-ம் தேதியும்தான். சம்பளம் மாதக் கடைசி நாளில் வருகிறது என்றால் 2-ம் தேதியை வை. செக் கொடுத்தால், கொடுத்த தேதி செல்லாது. செக் பணமாகும் தேதிதான் கணக்கு. மூன்றாம் தேதி பெட்டியில் போட்ட செக் ஏழாம் தேதி பணமானால் அந்த மாத வட்டி போச்சு.

போஸ்ட் ஆபீஸா, வங்கியா?

இரண்டிலும் விதி ஒன்று, வட்டி ஒன்று, அரசு உத்தரவாதம் ஒன்று. வித்தியாசம் சேவையில்தான்.

போஸ்ட் ஆபீஸின் பலம் கையில் கிடைக்கும் பாஸ்புக்கும், சின்ன ஊரிலும் கவுண்டர் இருப்பதும். சிறுசேமிப்புத் திட்டங்கள் அங்கே அன்றாட வேலை என்பதால் நீட்டிப்பு, கடன், மைனர் கணக்கு போன்ற சிக்கலான விஷயங்களில் கவுண்டரில் இருப்பவருக்கு விதி தெரிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். பலவீனம்: ஆன்லைனில் பணம் போட அஞ்சலகச் சேமிப்புக் கணக்கையோ அஞ்சலக வங்கியின் செயலியையோ இணைக்க வேண்டும், அந்த ஆரம்ப வேலைக்கு இரண்டு மூன்று நடை ஆகும்.

வங்கியின் பலம் நெட்பேங்கிங். சேமிப்புக் கணக்கு ஏற்கெனவே இருந்தால் பல வங்கிகளில் ஆதார் ஓடிபி வைத்து வீட்டிலிருந்தே திறந்துவிடலாம். மாதாமாதம் தானாகப் பணம் மாறும். வருஷ அறிக்கையைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். பலவீனம்: எல்லாக் கிளையிலும் பிபிஎஃப் அனுபவம் உள்ளவர் இருக்க மாட்டார். அதோடு, பிபிஎஃப் திறக்கப் போன இடத்தில் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துரைப்பார்கள். முடிவில் பணம் திரும்ப வரும் 15 வருஷ எண்டோமென்ட் பாலிசியும் 15 வருஷ பிபிஎஃபும் ஒன்றுபோல் தோன்றும், ஒன்றல்ல. பாலிசியில் ஆரம்ப வருஷங்களில் பிரீமியம் கட்டாமல் விட்டால் போட்ட பணத்திலேயே பெரும் பகுதி போய்விடும். பிபிஎஃபில் விட்டால் 50 ரூபாய் அபராதம்.

இளைஞர்களுக்கு என் பரிந்துரை வங்கிதான், ஒரு நிபந்தனையோடு: கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கோடு மட்டும் இணைத்து வைக்காதே. 22-லிருந்து 37-க்குள் நீ மூன்று நான்கு வேலை மாறுவாய். வேலை மாறியதும் பழைய சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாறி, சில வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம் பிடிக்கத் தொடங்கும், பிறகு செயலற்றதாகிவிடும். ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் பணமில்லாமல் திரும்பும். அந்த வருஷம் 500 போகாது. பிபிஎஃப் கணக்கு முடங்கும். கணக்கு முடங்கும் வழிகளில் இது மிகவும் சாதாரணமானது. வேலை எதுவானாலும் நீ விடாமல் வைத்திருக்கப்போகும் சேமிப்புக் கணக்கு எந்த வங்கியிலோ, பிபிஎஃபையும் அங்கேயே வை.

முடங்கினாலும் பதற வேண்டாம். இருக்கும் பணத்துக்கு வட்டி நிற்காது. ஆனால் கடனும் இடையில் பணம் எடுப்பதும் முடியாது. புதுக் கணக்கும் திறக்க முடியாது. விட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் 500-ம் அபராதம் 50-ம் கட்டினால் உயிர்ப்பித்துக்கொள்ளலாம். நான்கு வருஷம் விட்டிருந்தால் 2,200 ரூபாய், அதோடு நடப்பு வருஷத்து 500. முதிர்வுக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். வருஷத்தின் 500-ஐ ஏப்ரலிலேயே போட்டுவிடுவது நல்ல வழக்கம். மார்ச் 31 மாலை நெட்பேங்கிங் திணறும்போது போடும் பணம் அடுத்த வருஷக் கணக்கில் விழுந்துவிட்டால் மொத்தத்துக்கும் வினை.

குறைகள்

22 வயதில் முழுச் சேமிப்பையும் இதில் போட வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது வரி. பிபிஎஃபின் பெரிய கவர்ச்சி வரியில்லா வட்டி. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்துப் பார்த்தால், வரியில்லாத 7.1 என்பது வரி கட்ட வேண்டிய 10.3 சதவீதத்துக்குச் சமம். ஆனால் 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவையும் சேர்த்தால் 12.75 லட்சம். உன் முதல் சம்பளம் அதற்குள்தான் இருக்கும் என்றால் எஃப்டி வட்டிக்கும் நீ வரி கட்டப்போவதில்லை. போட்ட தொகையை வருமானத்தில் கழித்துக் காட்டும் 80சி கழிவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். ஆக வரிச்சலுகை என்ற காரணம் இன்று உனக்குப் பொருந்தாது. முப்பதுகளில் சம்பளம் ஏறும்போது பொருந்தும். அப்போது கணக்கு தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, வட்டி நிரந்தரம் இல்லை. 1986-லிருந்து 2000 ஜனவரி வரை 12 சதவீதம் கொடுத்தார்கள். வீட்டுப் பெரியவர்கள் பிபிஎஃபைப் புகழ்வது அந்த நினைவில்தான். பிறகு 2003 மார்ச்சில் 8-க்கு வந்தது. நடுவில் 8.8 வரை ஏறி, 2020 ஏப்ரலில் 7.9-லிருந்து ஒரேயடியாக 7.1-க்கு இறங்கியது, அதன்பின் ஐந்து வருஷத்துக்கும் மேலாக அசையவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும் விகிதம் பழைய இருப்பு, புதுப் பணம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பொருந்தும். எஃப்டி போல, போட்ட நாள் விகிதம் கடைசி வரை நிற்காது.

மூன்றாவது, உன் சம்பளத்தில் பிஎஃப் (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள் என்றால், விருப்பப்பட்டு அதிகம் பிடிக்கச் சொல்லும் விபிஎஃப் வழி இருக்கிறது. 2024-25-க்கு அதன் வட்டி 8.25 சதவீதம். உன் பங்காக வருஷம் இரண்டரை லட்சம் வரை போவதற்கான வட்டிக்கு வரியும் இல்லை. வட்டியை மட்டும் பார்த்தால் விபிஎஃப் ஜெயிக்கிறது. பிபிஎஃப் வேலையோடு கட்டுப்பட்டதல்ல என்பதுதான் அதன் பலம்: வேலையை விட்டாலும், சொந்தத் தொழில் தொடங்கினாலும், இரண்டு வருஷம் வீட்டில் இருக்க நேர்ந்தாலும் கணக்கு ஓடும்.

நான்காவது, நடுவில் எடுப்பது நினைப்பது போல எளிதல்ல. கணக்கு திறந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருஷம் ஆன பிறகு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். எவ்வளவு? நான்கு வருஷத்துக்கு முந்தைய மார்ச் 31 இருப்பு, போன மார்ச் 31 இருப்பு, இரண்டில் எது குறைவோ அதில் பாதி. 500 ரூபாய் உத்தியின் விலை இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் 2032 ஏப்ரலில் முதல் பெரிய தொகை போடுகிறாய் அல்லவா? விதி நான்கு வருஷம் பின்னால் பார்ப்பதால் 2035-36 வரை உன் சின்ன இருப்பைத்தான் அது பார்க்கும். 2036-37-ல்தான் அந்த முதல் தொகையில் பாதியைத் தொட முடியும். அதனால் அவசரச் செலவுக்கான பணத்தை இதில் வைக்காதே. ஆறு மாதச் செலவுக்கான தொகை சேமிப்புக் கணக்கிலும் எஃப்டியிலும் இருந்த பிறகுதான் இதில் தொகையை ஏற்ற வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி மாதம் மூன்று, மூன்றரை சதவீதத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது 7.1-க்குப் பணத்தைப் பூட்டுவது நஷ்டம். முதலில் கார்டை அடை. இங்கே 500 மட்டும் போடு.

கடன் வசதியும் உண்டு: திறந்த நிதியாண்டு முடிந்து ஒரு வருஷம் ஆனதும் தொடங்கி, ஐந்து வருஷம் ஆகும் வரை, இரண்டு வருஷத்துக்கு முந்தைய இருப்பில் 25 சதவீதம். 36 மாதத்துக்குள் அடைத்தால் வட்டி 1 சதவீதம், தாண்டினால் 6. உயிருக்கு ஆபத்தான நோய், மேற்படிப்பு, வெளிநாட்டில் குடியேறி என்ஆர்ஐ ஆவது ஆகிய காரணங்களுக்கு ஐந்து வருஷத்துக்குப் பின் முன்கூட்டியே மூடலாம். அதுவரை கொடுத்த வட்டி விகிதத்தை ஒரு சதவீதம் குறைத்து (7.1 என்றால் 6.1 ஆக) கணக்கிட்டு, வித்தியாசத்தைக் கழித்துக்கொள்வார்கள். என்ஆர்ஐ ஆன பிறகு புதிதாகத் திறக்க முடியாது என்பதால், வெளிநாட்டு வேலைக்குப் போகும் யோசனை இருந்தால் இந்த விதியையும் மனத்தில் வை.

கணக்கை மாற்றும்போதும் முதிரும்போதும்

வங்கியிலிருந்து போஸ்ட் ஆபீஸுக்கோ, ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கோ கணக்கை மாற்றலாம். பழைய இடத்தில் விண்ணப்பமும் பாஸ்புக்கும் கொடுத்தால், கணக்கின் நகல், விண்ணப்பப் படிவம், மாதிரிக் கையெழுத்து, இருப்புத் தொகைக்கான டிடி எல்லாம் புது இடத்துக்குப் போகும். பாஸ்புக்கைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் நகலெடுத்துக்கொள். ஆண்டு வட்டி வரவான பிறகு, ஏப்ரல் பாதிக்கு மேல் மாற்றுவது நல்லது; மார்ச்சில் கைவைத்தால் வட்டி எந்தப் பக்கம் விழுந்தது என்று தேட வேண்டிவரும். கணக்கு வழியில் இருக்கும்போது பழைய எண்ணில் பணம் போடாதே. ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனையும் நிறுத்து.

புதுப் பாஸ்புக் வந்ததும் முதல் பக்கத்தில் 'கணக்குத் தொடங்கிய தேதி' என்ன என்று பார். மாற்றிய கணக்கைப் புதுக் கணக்குபோலப் பதிந்து, அன்றைய தேதியைப் போட்டுவிடும் பிழை நடக்கக்கூடியது. அந்த ஒரு வரி தவறினால் நீ வருஷக்கணக்கில் ஓடவிட்ட காலம் கணினியில் பூஜ்யமாகிவிடும். பழைய பாஸ்புக் நகலைக் காட்டி அன்றே திருத்தச் சொல்.

37 வயதில் கணக்கு முதிரும்போது உன் முன்னால் மூன்று வழி. மூடி முழுப் பணத்தையும் வாங்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால், பணம் போடாத நீட்டிப்பாகத் தானே தொடரும். வட்டி வரும், வருஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அல்லது முதிர்ந்து ஒரு வருஷத்துக்குள் ஃபாரம் 4 கொடுத்து, பணம் போடும் உரிமையோடு ஐந்து ஐந்து வருஷமாக நீட்டிக்கலாம். அப்போது அந்த ஐந்து வருஷத் தொடக்கத்தில் இருந்த இருப்பில் 60 சதவீதம் வரை, வருஷத்துக்கு ஒருமுறையாக எடுக்க முடியும்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த ஃபாரம் 4-ல்தான். ஃபாரம் கொடுக்காமல் பழைய வழக்கப்படி பணம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கணினி சில இடங்களில் பணத்தை வாங்கிக்கொள்ளவும் செய்யும். ஆனால் அந்தப் புதுப் பணத்துக்கு வட்டி கிடையாது, வரிக்கழிவும் கிடையாது. பணம் போடாமல் ஒரு வருஷம் கழிந்துவிட்டால் பிறகு பணம் போடும் நீட்டிப்புக்குத் திரும்பவே முடியாது. உன் கணக்குக்கு அந்தக் கெடு 2042 மார்ச் 31. திறக்கும் நாளிலேயே பாஸ்புக்கின் உள் அட்டையில் பென்சிலால் எழுதி வை.

திறக்கப் போகும்போது ஆதார், பான், இரண்டு போட்டோ, 500 ரூபாய். நாமினி கட்டத்தைக் காலியாக விடாதே. நான்கு பேர் வரை எழுதலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். 22 வயதில் பெரும்பாலும் அம்மா பெயர் இருக்கும். கல்யாணம் ஆனதும் மாற்றிக்கொள், 2025 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணமும் இல்லை. நாமினி இல்லாமல் போனால் வாரிசுச் சான்றிதழுக்கும் உறுதிமொழிப் பத்திரத்துக்கும் வீட்டார்தான் தாலுகா ஆபீஸ் படியேற வேண்டும். கவுண்டரில் கையெழுத்தை நிதானமாகப் போடு. அதே கையெழுத்தை 37 வயதில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். பாஸ்புக்கை வாங்கியதும் அங்கேயே நின்று மூன்று வரியைப் படி: பான் அட்டையில் உள்ளபடி உன் பெயர், கணக்குத் தொடங்கிய தேதி, நாமினி பதிவானதற்கான குறிப்பு.